வேலையில்லாத ரிலே

வெள்ளைக்கல் தூள் எங்கும் போகும்.
டிபன் டப்பா மூடிக்குள், இமைக்குள்,
ஏற்காடு பஸ்ஸின் ஹாரன் குழாய்க்குள்.
ஏ.சி. வைத்து, கதவுக்கு ரப்பர் ஒட்டி,
செருப்பை வெளியே விடச்சொல்லி
கம்பெனி கட்டிய கம்ப்யூட்டர் அறையிலும்
எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது.

நான் ரிப்பேர்காரன்.
அட்டை மெஷின் இருந்தவரை
எண்ணெய்க்குப்பியும் இடுக்கியும் போதும்.
பொன்னம்மாப்பேட்டை ரத்னாபாய் விசையைக் குத்துவார்.
உள்ளே ஒரு ரிலே இரும்பு நாக்கை மடக்கும்,
அட்டையில் ஓட்டை விழும்.
விழுந்தால் உண்டு, விழாவிட்டால் இல்லை.
தப்பென்றால் கிழித்துப்போட
கையில் ஏதோ ஒன்று இருந்தது.
உதிர்ந்த துணுக்குகளைச் சாக்கில் கட்டி
ஆடியில் வண்டி வேடிக்கைக்குக் கொண்டுபோனோம்.
இரண்டு மாதச் சம்பளக் கணக்கு
குகைத் தெருவில் பூவாய்ப் பறந்தது.

பிறகு திரை வந்தது. அட்டை போயிற்று.
ஒவ்வொரு விசைக்கடியிலும்
நொய்யரிசி அளவு வெள்ளிப் பொட்டு,
எதிரே இன்னொன்று.
தொட்டால் கணக்கு.

முதல் மாதமே
கம்ப்ரசர் ஓட்டும் சென்றாயனுக்கு
நாலு மணி ஓவர்டைம்
நாற்பத்துநாலு ஆனது.
கணக்கர் வையாபுரி மெமோ கொடுத்தார்:
கவனக்குறைவு.
‘நான் ஒருவாட்டிதான் அமுக்கினேன்’ என்றார் ரத்னாபாய்.
மெமோவில் அதை எழுத இடம் விடப்படவில்லை.

ராத்திரி விசைப்பலகையைப் பிரித்து
ஆசிலாஸ்கோப்பில் மாட்டினேன்.
மெதுவாக, ஒரே ஒரு தரம், அழுத்தினேன்.
பச்சைக் கோட்டில் ஐந்து முள்.

செவ்வாய்ப்பேட்டையில் பிறந்தவனுக்கு
இது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.
கொலுசுக்கால் ஒருமுறை ஊன்றினால்
ஒலி ஒருமுறையோடு நிற்குமா?
வெள்ளியில் வெள்ளி பட்டால் துள்ளும், மறுபடி படும்,
நொடியின் ஆயிரத்தில் சில பங்குக்குள்.
துள்ளல் அடங்கட்டும் என்று
மெஷினைக் கொஞ்சம் காத்திருக்கச் செய்திருந்தார்கள்தான்.
நடுவே தூள் புகுந்தால்
அந்தப் பொறுமை போதவில்லை.
விரலுக்கு அது ஒரு நாலு.
அதற்கு, நாலு, இன்னொரு நாலு.

வரைபடத்தோடு போனேன்.
வையாபுரி தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.
சென்றாயன் மூன்று தவணையில் பணத்தைக் கட்டினான்.
மெமோ ஃபைலிலேயே இருந்தது.

அடுத்த தை மாதம் புதுப் பலகை வந்தது.
வெள்ளி இல்லை.
விசையின் காலில் காந்தத் துண்டு,
கீழே எள்ளுருண்டை நிறத்தில் ஒரு சில்லு.
காந்தம் இறங்கும், சில்லு அறியும்,
ஒன்றை ஒன்று தொடுவதே இல்லை.
தொடுகையே இல்லாத இடத்தில்
தூளுக்கு என்ன வேலை?
என் எண்ணெய்க்குப்பிக்கும்தான்.

ஆனால் ரத்னாபாய் திணறினார்.
பதினோரு வருஷம் இரும்பைக் குத்திய விரல்கள்
வெறும் காற்றில் படியிறங்குவதுபோல் தடுமாறின.
‘விழுந்துச்சா இல்லையான்னே தெரியல.’
எழுத்துக்கு எழுத்து திரையைப் பார்த்தார்.
வேகம் பாதியாயிற்று.
இரண்டாவது மெமோ
டைப்பாகிக்கொண்டிருந்தது.

கொட்டகையில் கிடந்த அட்டை மெஷினிலிருந்து
ஒரு ரிலேயைக் கழற்றிவந்தேன்.
எழுத்து உள்ளே போய்ச் சேர்ந்ததும்
அந்தக் கம்பியில் ஒரு துடிப்பு வரும்.
அங்கே பற்றவைத்தேன்.
டக்.
அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.
எதையும் இணைக்காது, எதையும் அறுக்காது,
பழுதானாலும் ஒருவர் சம்பளமும் மாறாது.
ஒரு காலத்தில் கணக்கு முழுக்க
அதன் நாக்கில் புரண்டது.

புதன்கிழமைக்குள் பழைய வேகம்.
டக் டக் டக்.
ஒருநாள் மத்தியானம் ‘டக்-டக்’ என்றது.
திரையைப் பார்க்காமலே
ரத்னாபாய் ஒன்றை அழித்தார்.
அந்த முறை அவர் விரல்தான் தப்பு.
சிரித்தார்.

பொருள் பதிவேட்டில் ரிலேயை ஏற்றச் சொன்னார்கள்.
‘பயன்’ என்ற கட்டத்தில்
பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன்.
ரத்னாபாய் அதை வாங்கி எழுதினார்:
சாட்சி.

சாயங்காலம் வையாபுரி அதை அடித்துவிட்டு
‘இதர வகை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.